தொடர்பறுந்தவர்கள்: ஏழு

பதவி உயர்வுப் படிவம் பதினோரு பக்கம்.
ஆறாம் பக்கத்தில் கேட்கிறார்கள்:
மொத்தக் கட்டுரைகள். மொத்த மேற்கோள்கள். ஹெச் இண்டெக்ஸ்.
டாக்டர் தெக்கிலாமேரி சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
நாற்பத்தொன்று.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.
பத்தொன்பது.

பத்தொன்பது என்றால் என்னவென்று கேட்டிருக்கிறேன் முன்பொருமுறை.
பத்தொன்பது கட்டுரைகள், ஒவ்வொன்றையும்
பத்தொன்பது பேராவது எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்றார்.
'சீட்டுக் கம்பெனி மாதிரிங்களா?'
'ஏறக்குறைய.'

சிட்னி மாநாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டுச் சிரித்தாராம்,
ஈரல் டாக்டருக்குச் சாராயத்தின் பெயரா என்று.
ஞானஸ்நானப் பெயர், ஒரு அர்ச்சிஷ்டவளின் பெயர் என்று
இவர் விளக்கி முடிப்பதற்குள்
பேசக் கொடுத்த நேரத்தில் ஒரு நிமிடம் போயிற்று.

கணவாய்க் காற்று படிவத்தைப் பிடுங்கப் பார்க்கிறது.
ஃபார்மலின் பாட்டிலைத் தூக்கி மேலே வைக்கிறேன்.
விடியுமுன்னே தோப்புகளிலிருந்து
பெர்மிட் ஒட்டிய கள் வண்டிகள் மேற்கே போய்விடும்.
எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு.
கல்லீரல் என்று எழுத வேண்டிய இடத்தில்
கள்ளீரல் என்று எழுதிவிடுவேன், கைப்பழக்கம்.
ஒவ்வொரு முறையும் சிவப்பு மையில் திருத்துவார்.
ஒருநாள் திருத்தவில்லை.

அதிகம் மேற்கோள் வாங்கியது இந்த ஊர்க் கட்டுரைதான்.
தோப்புத் தொழிலாளர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
மூன்று வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.
ஈரல் எவ்வளவு கல்லாகிவிட்டது என்பதற்கு ஓர் எண்.
வருகிறவர்களுக்குப் பஸ் காசு அறுபது ரூபாய்.
ஓஸ்லோ, லிமா, புசான் என்று
அறுநூற்று மூன்று இடங்களில் எடுத்தாண்டிருக்கிறார்கள்.
கொழிஞ்சாம்பாறையை மூன்று விதமாய் எழுதியிருக்கிறார்கள்.
ஒன்றில் அது கடற்கரை.

அட்டவணை இரண்டின் அடியில், பொடி எழுத்தில்:
தொடர்பறுந்தவர்கள், ஏழு.
தட்டச்சியது நான்.
மூவர் பனியன் தைக்கத் திருப்பூர் போனவர்கள்.
ஒருவர், மூங்கில்மடை வளைவு, லாரி.
இரண்டு வீடுகளில் கதவு திறக்கவில்லை,
உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.
ஏழாமவர் வரிசை எண் முப்பத்தொன்று,
வெள்ளியங்கிரி.

அவர்தான் இப்போது கதவருகே செருப்பைக் கழற்றுகிறார்.

டாக்டர் எழுந்து நின்றார்.
டீன் வந்தபோதுகூட பாதிதான் எழுந்தவர்.
'நீங்க காணாமப் போயிட்டீங்கன்னு
நாலு கண்டத்துல எழுதியிருக்காங்க.'
'நான் கோவிந்தாபுரத்துலதானுங்க இருந்தேன்.
நீங்கதான் வரலை.'

முதல் ஸ்கேனில் பத்தொன்பது.
இன்றைக்கு ஒன்பது புள்ளி நாலு.
மிஷின் பொய் சொல்கிறதோ என்று இன்னொரு தடவை.
ஒன்பது புள்ளி மூணு.
'குடிக்கறதில்லையா?'
'இடுப்பு போயிருச்சுங்க, மரம் ஏறறதில்லை.
சீவற வரைக்கும் கள்ளு சும்மா வந்துச்சு.
காசு குடுத்துக் குடிக்க மனசு வரலை.'
இதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

'அப்புறம் அந்தப் பஸ் காசு பாக்கியிருக்குதுங்க.
போன தடவை சில்லறை இல்லைன்னாங்க.'

சொன்னவன் நான்.
அறுபது ரூபாய்க்கு ஐந்நூறை நீட்டி
அடுத்த தடவை சேர்த்து வாங்கிக்கோ என்றவன்.

அன்றிரவே டாக்டர் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினார்.
ஏழு என்பதை ஆறு என்று படிக்கவும்.
பிழைக்குக் காரணம் என்ற கட்டத்தில்
தரவுப் பதிவில் தவறு என்று அவரே அடித்தார்,
என் பக்கம் திரும்பாமல்.

எட்டு மாதம் ஆயிற்று.
கட்டுரை அறுநூற்று ஐம்பத்தெட்டைத் தொட்டுவிட்டது,
ஐம்பத்தைந்து பேர் புதிதாய் ஏழு என்கிறார்கள்.
திருத்தத்துக்கு மேற்கோள் பூஜ்யம்.

என் இழுப்பறையில் இப்போது
ரப்பர் வளையம் போட்டு
பத்து ரூபாய்க் கட்டு ஒன்று இருக்கிறது.